தலைவரின் வீட்டுக்காரர்

எங்கள் பேரூராட்சியின் தலைவர் என் மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் தலைவர் நான்தான் என்று நினைக்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் நகராட்சி அலுவலகம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, 'சாருக்குச் சட்டம் தெரியும், அம்மா கையெழுத்துப் போட்டால் போதும்' என்று கணக்குப் போட்டுத்தான் அவளை நிறுத்தினார்கள். அந்தக் கணக்கில் எனக்கும் ஆட்சேபணை இருக்கவில்லை.

முதல் மாதத்திலேயே கணக்கு பிசகியது. நான் விதியை எடுத்துச் சொல்லத் தொடங்கும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். நான் சொல்லி முடிக்கும்போது தெருமுனையைத் தாண்டியிருப்பாள். மழை பெய்தால் எங்கள் ஊர்க் கரிசல் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. சேலையை இழுத்துச் செருகி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காலைக் காப்பிக்கு வருவாள்.

ஒரு மாசியில் புதுத் தார்ச்சாலை முழுக்க மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். பைக்கில் வந்த ஒருவர் சறுக்கி விழுந்தார். நோட்டீஸ் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்று வாசகத்தையே எழுதிக் கொடுத்தேன்.

"அப்புறப்படுத்தி எங்கன கொண்டு போடுவாக? உங்க சட்டத்துல களம் இருக்கா?" என்றாள்.

சந்தை கூடாத நாட்களில் சந்தைத் திடலின் சிமெண்டுத் தளத்தைப் பெருக்கிவிட்டு, சோளம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மன்றத் தீர்மானம் இல்லாமல் இது செல்லாது என்றேன்.

"தீர்மானம் வாரதுக்குள்ள சோளம் முளைச்சிரும்."

அடுத்த கூட்டத்தில் அதற்குப் பின்னேற்பு வாங்கினாள். நடந்து முடிந்த காரியத்துக்கு மன்றம் பிறகு ஒப்புதல் தருவதுதான் பின்னேற்பு. அந்த வார்த்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று டீக்கடையில் பல முறை சொல்லியிருக்கிறேன்.

ஊருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் டீக்கடை பெஞ்சில் மட்டும், "பின்னால சார் இருக்காகல்ல, அதான் எல்லாம் நடக்குது" என்பார்கள். அப்போது நான் தலையை லேசாக ஆட்டுவேன். அந்த ஆட்டலை ஆமாம் என்றும் கொள்ளலாம், அப்படியெல்லாம் இல்லை என்றும் கொள்ளலாம். அலுவலகத்தில் கற்ற வித்தை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உரக்கடைக்காரரும் இரண்டு வார்டு உறுப்பினர்களும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவை நம்ம ஊரு பொதுவுக்கு வந்துரும்னு பேசிக்கிடுதாக, அண்ணாச்சி," என்றார் உரக்கடைக்காரர். "இனி நீங்களே நின்னுருங்க. அக்கா பாவம், எம்புட்டு அலைச்சல்! இனியாவது ரெஸ்ட் எடுக்கட்டும்."

"பொதுவுக்கு வந்துட்டா ஆம்பளைதான நிக்கணும்," என்றார் ஓர் உறுப்பினர்.

பொது என்றால் யாரும் நிற்கலாம். பெண் நிற்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ரேஷன் கடைப் பலகையில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால்கூட ஆளைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்கிறவன் நான். அன்று வாய் திறக்கவில்லை. இல்லை, திறந்தேன். "பார்ப்போம்" என்றேன்.

அவள் டீயோடு வந்தாள். "சீனி போதுமான்னு பாருங்கண்ணே," என்றாள்.

"அக்கா டீக்கே ஓட்டுப் போடலாம்," என்றார் உரக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம்.

அவர்கள் போனபிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "பொதுன்னா ஆம்பளையா?"

"இல்ல."

"அத ஏன் அவியகிட்ட சொல்லல?"

நான் நாற்காலியில் கிடந்த பேப்பரை எடுத்து மடித்தேன்.

"நான் இன்னொரு தடவை நிக்கணும். தெற்குத் தெருவுக்கு இன்னும் குழாய் போகல. ஊரு வேண்டாம்னு சொன்னா சரி, வீட்டுல இருந்துக்கிடுதேன். நீங்க வாய மூடிட்டு இருந்ததுக்காக இருக்க மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. அதற்குள் போன் அடித்தது. எங்கோ சாக்கடை அடைப்பு. கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை உரக்கடைக்குப் போனேன். வழியெல்லாம் வாசகத்தை மனதில் தயார் செய்திருந்தேன். "பொதுன்னாலும் பொம்பளையும் நிக்கலாம். அவதான் மறுபடி நிக்கப் போறா. நான் நிக்கல," என்றேன்.

உரக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, ராத்திரி வீட்டுல செமத்தியா விழுந்துச்சோ?"

கடையே சிரித்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் மூட்டையைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மக்காச்சோளத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஊரில் நல்லதென்று நடந்த எதிலும் என் கை இல்லை என்று சொல்லியிருக்கலாம். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். 'என்ன செய்ய, நம்ம பொழப்பு அப்படி' என்பதுபோல் இரண்டு கையையும் வேறு விரித்துக் காட்டினேன்.

மத்தியானம் முழங்கால் வரை சகதியோடு அவள் வந்தாள். வாளித் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"சொன்னீகளா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாக."

ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க?"

வாளியில் தண்ணீர் குறைந்திருந்தது. நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.