வீங்கிய பெட்ரோல் தாங்கியோடு சுங்கை சிப்புட் லயத்துக்கு

ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஈப்போவிலிருந்து புறப்பட்டு, சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். ஒரு வழிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பின்னால் ஒரு தண்ணீர்ப் பம்பைக் கட்டிக்கொண்டு போனேன்.

தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை, என் அக்கா செல்வி இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு நிலம் கைமாறியது. புதிய கம்பெனிக்கு நிலம் வேண்டும், லயத்தில், அதாவது பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் வேண்டாம். போகச் சொல்லி யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் தண்ணீரை மட்டும் நிறுத்தினார்கள். அரசு அலுவலகங்களுக்கு நடந்தால் “தனியார் நிலம், நாங்கள் குழாய் போட முடியாது” என்று ஒரே பதில். ஆட்களைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தால் செய்தியாகும். குழாயை மூடினால் ஆகாது.

லயத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு குழாய்க் கிணறு இறக்கினார்கள். அதன் பம்பு எரிந்துபோனது. ஈப்போவில் சுருள் மாற்றி வைத்திருந்த அந்தப் பம்பை நான் கொண்டுபோக வேண்டும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலை செய்யும் லயத்துப் பையன்கள் எல்லோருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது அந்த ஒரு ஞாயிறுதான். எல்லோரும் கூடிக் கோத்தோங் ரோயோங் போட்டுக் குழாய் பதித்து, பம்பைப் பொருத்தி, அன்றே தண்ணீர் ஏற்றுவதாகத் திட்டம்.

காரில் போகலாமே என்பீர்கள். தோட்ட வாசலில் தடுப்புக் கம்பம் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அதன் ஓரத்து இடைவெளியில் மோட்டார் சைக்கிள் மட்டுமே நுழையும்.

என்னுடையது இரண்டாம் கையாக வாங்கிய ஐரோப்பிய வண்டி. பெட்ரோல் தாங்கி பிளாஸ்டிக். சனிக்கிழமை மாலை, மண் சாலையில் போகப் போகிறோமே என்று, காற்று வடிகட்டியை மாற்றத் தாங்கியைக் கழற்றினேன். வடிகட்டியை மாற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் உட்காரவில்லை. பின்பக்க போல்ட்டு ஓட்டை, சட்டத்தின் ஓட்டையைவிட்டு ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

என் மச்சான் குணா, மாமா மகன், அவன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில்தான் இந்த வேலை நடந்தது. ஒரு பக்கம் அவன் தள்ள, மறுபக்கம் நான் தள்ள, தாங்கி அசையவில்லை.

“கர்ப்பமா இருக்கு மச்சான். எத்தன மாசம்?”

“வாய மூடிக்கிட்டுத் தள்ளுடா.”

“பெத்தோங் போய் சியாம் மின்யாக் ஊத்துனியே, அவன்தான் அப்பன் லா.”

கிண்டல்தான், ஆனால் சரியாகச் சொன்னான். பேராக் எல்லையைத் தாண்டித் தாய்லாந்துப் பெத்தோங்குக்கு அடிக்கடி போய்வருவேன். அங்கே மலிவான பெட்ரோல் பம்பாகப் பார்த்து நிரப்பிக்கொண்டு வருவேன். E20 என்று எழுதியிருக்கும். இருபது விழுக்காடு எத்தனால். சில வகைப் பிளாஸ்டிக் தாங்கிகள் எத்தனாலையும் ஈரத்தையும் உறிஞ்சி ஊதிவிடும். போல்ட்டு இறுகியிருக்கும்வரை வெளியே தெரியாது. கழற்றிய கணத்தில் உடம்பை நீட்டிக்கொள்ளும்.

அக்காவுக்குத் தாமதமாகும் என்று சொல்ல வேண்டும். லயத்தில் தொலைபேசித் தொடர்பு சரியாகக் கிடைக்காது, அதனால் செய்தி அனுப்பினேன். நாங்கள் இருவரும் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள். பேசுவது தமிழ், விரலில் வருவது மலாய். “தாங்கி பெங்காக். கெனா கோசோங்கான் டூலு.” தாங்கி வீங்கிவிட்டது, முதலில் காலி செய்ய வேண்டும். அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பெட்ரோலை முழுக்க இறக்கினோம். வேறு கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள், இரவல் கேட்டுப் பார்த்தேன். குணாவின் வண்டிதான் ஞாயிற்றுக்கிழமை உணவு விநியோகத்துக்கு ஓடி அவன் வீட்டுக்குச் சோறு போடுகிறது, அதை எப்படிக் கேட்பது? இருப்பதை வைத்துத்தான் முடிக்க வேண்டும். வரிசையாக ஓட்டை போட்ட இரும்பு அலமாரிச் சட்டம் ஒன்று குணாவிடம் கிடந்தது. அதில் ஒரு சாண் அறுத்து, ஓர் ஓட்டையை வண்டிச் சட்டத்துக்கும் இன்னொன்றைத் தாங்கிக்குமாகக் கொடுத்து, நீளமான போல்ட்டு போட்டு இறுக்கினோம். போல்ட்டும் வாஷரும் ஆறு மலேசிய வெள்ளி. உலோகம் அறுக்கும்போது தாங்கியும் பெட்ரோலும் வீட்டின் மறுகோடியில் இருந்தன. உங்களுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பெட்ரோலைத் திரும்ப ஊற்றிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். முதல் சாலை முனையிலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. தாங்கி முன்பக்கமும் நீண்டிருந்ததால் கைப்பிடி முழுவதுமாகத் திரும்பவில்லை, பாதியில் தாங்கியில் முட்டியது. நேராகப் போகலாம், வளைவில் சாயலாம், குறுகத் திருப்ப முடியாது. செமோரில் காலைப் பசியாற ரொட்டி சானாய் இரண்டும் தே தாரேக்கும் ஆறரை வெள்ளி. கடைக்கு எதிரில் வண்டியைத் திருப்பவே நான்கு தடவை முன்னும் பின்னும் தள்ளினேன். கடையில் இருந்தவர்கள் லைசென்சு எடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். செமோரிலிருந்து சுங்கை சிப்புட் வரை நல்ல சாலை, அறுபதுக்கு மேல் போகவில்லை. பிறகு செம்பனைக்குள் ஆறு கிலோமீட்டர் செம்மண். ஒவ்வொரு பள்ளத்திலும் அலமாரிச் சட்டத்தின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினேன்.

தடுப்புக் கம்பத்தில் காவலாளி ஒருவர். நம் ஆள், ஐம்பது வயது இருக்கும்.

“மோட்டார் போலாம் தம்பி. பின்னால இருக்குற பாராங் போகாது. சாமான் உள்ள விடக்கூடாதுன்னு ஆர்டர்.”

“சாமான் இல்லண்ணே. தண்ணி.”

“காலையிலேயே தண்ணியா?”

“குடிக்கிற தண்ணிண்ணே. பம்பு இது. அக்கா உள்ள இருக்கு.”

அவர் பம்பைப் பார்த்தார். மேலே கம்பத்தில் இருந்த கேமராவைப் பார்த்தார். “நா ஜம்பான் போயிட்டு வாரேன். வயிறு சரியில்ல. வர கொஞ்சம் நேரமாகும்” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

இடைவெளியில் நுழைந்து உடனே இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். கைப்பிடி தாங்கியில் முட்டி நின்றது. முன்சக்கரம் உள்ளே, பின்சக்கரம் வெளியே. பம்பின் எடையோடு வண்டியைத் தனியாகத் தூக்க முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவர் திரும்பி வந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். பின்பக்கக் கம்பியைப் பிடித்து, சக்கரத்தோடு தூக்கி உள்ளே வைத்தார்.

“நா உன்னப் பாக்கல.”

“நானும் உங்களப் பாக்கலண்ணே.”

“போ லா.”

லயத்துக்குப் போனால் எல்லோரும் தலை சீவி, பவுடர் பூசி, கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் மாதிரி நிற்கிறார்கள். கொடி முழுக்கத் துவைத்த துணி. உயரத்தில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கியின் மூடி திறந்து கிடந்தது.

“நீ சொன்ன மாதிரியே காலி பண்ணிட்டோம்டா” என்றாள் அக்கா.

“நா என்னா சொன்னேன்?”

போனை நீட்டினாள். தாங்கி பெங்காக். கெனா கோசோங்கான் டூலு. யார் தாங்கி, யார் காலி செய்ய வேண்டும் என்று அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. மலாயில் அப்படிச் சொல்லலாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். விடிந்ததும் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய தாங்கியும் ஒரு பக்கம் வயிறு தள்ளித்தான் இருந்தது. பம்புக் கடைக்காரர் ஏதோ எச்சரித்திருக்கிறார், தண்ணீர் ஏற்றினால் வெடித்துவிடும் போல என்று முடிவு கட்டி, போன வார மழையில் பிடித்து வைத்த தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். வீணாக்குவானேன் என்று மூன்று மாதத்தில் முதல் தடவையாக எல்லோரும் நன்றாகக் குளித்திருக்கிறார்கள். மிச்சம் கால்வாயில் போய்விட்டது.

“என் மோட்டார் தாங்கிக்கா.”

அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “ஒனக்குத் தமிழ் எழுதத் தெரியாதா? இல்ல, ‘என்’னு ஒரு வார்த்த போட்டா காசு புடிப்பானா?”

இது வெறும் சிரிப்பில் முடிகிற விஷயமில்லை. இந்த வகைப் பம்பு தானாக இழுக்காது. முதலில் அதன் குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். நிரப்பத்தான் அந்த மழைத் தண்ணீர். இப்போது லயத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் காசு கொடுத்து வாங்கி வைத்த குடிதண்ணீர் மட்டும்.

பையன்கள் குழாய் பதித்து முடிக்க மதியம் ஆனது. வீட்டுக்கு ஒரு கெண்டி வந்தது. ஊற்றினோம், குழாய் நிரம்பியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்டம் இறங்கிப் போய்விட்டது. அடியில் இருக்கும் வால்வில் மணல் மாட்டியிருந்தது. குழாயை மேலே இழுத்து, மணலைத் தட்டி எடுத்து மறுபடி இறக்கினோம். ஊற்றத்தான் ஒன்றும் இல்லை.

மிஞ்சியிருந்தது ஒரு பெட்டி போத்தல். கடைசி வீட்டுப் பார்வதி அக்கா கைக்குழந்தைக்குப் பால் கலக்க வைத்திருந்தது. யாரும் கேட்கவில்லை. அவளே தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள்.

“இதுவும் போச்சுனா, என் புள்ளைக்குத் தண்ணி வாங்க நீதான் போவணும். அந்தக் கர்ப்பவதி மேல ஏறி.”

“போறேன்க்கா.”

ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஊற்றினேன். மட்டம் நின்றது. சுவிட்சைத் தட்டினார்கள். பம்பு உறுமியது, காற்றைக் கக்கியது, அப்புறம் குழாய் முனையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. யாரும் கைதட்டவில்லை. வாளிகளை வரிசையாக வைத்தார்கள். தெளிய அரை மணி நேரம் ஆனது. பார்வதி அக்கா முதல் குடத்தைத் துணியில் வடிகட்டி அடுப்பில் ஏற்றினாள்.

பிளாஸ்டிக் தாங்கி வண்டி வைத்திருப்பவர்களுக்கு: பயணத்துக்கு முந்தின நாள் தாங்கியைக் கழற்றாதீர்கள். எல்லை தாண்டினால் பம்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வீங்கிவிட்டால் முழுக்கக் காலி செய்து, உள்ளே இருக்கும் பெட்ரோல் பம்பைக் கழற்றி, நெருப்பு அண்டாத காற்றோட்டமான நிழலில் வாய் திறந்து வையுங்கள். வாரக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் சுருங்கும், பழைய அளவுக்கு வராமலும் போகலாம். நான் செய்த சட்டம் அவசரத்துக்கு மட்டும். கைப்பிடி முழுதாகத் திரும்பாத வண்டியில் நெரிசலுக்குள் போகவே போகாதீர்கள்.

ஒரு பம்பு ஓடியதால் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதினால் அது பொய். மற்றவர்கள் குழாயைத் திறந்து பிடிக்கிற தண்ணீருக்காக, இவர்கள் துப்பாக்கியைக் கடத்துவதுபோல் பம்பைக் கடத்த வேண்டியிருந்தது. லயத்து மின்சார மீட்டர் இன்னும் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. அடுத்து எதை வெட்டுவார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் இப்போது ஜெனரேட்டர் தேடுகிறோம். யாரிடமாவது பழையது இருந்தால் கீழே எழுதுங்கள். இருவர் தூக்குகிற எடைக்குள் இருக்கட்டும், மோட்டார் சைக்கிளில் கட்டித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.