ஸ்டிக்கர் அக்காவும் நீலப் பொத்தானும்

பார்சல் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ஸ்டிக்கர் அக்கா. அதற்கு முன் நான்கு வருடம் பின்பக்கக் கொட்டகையில் மூட்டை தூக்கினாள். முதுகெலும்பு விலகி, இனி குனியவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், போனால் போகிறது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். பார்சல் எண்ணைத் தட்டினால் ஸ்டிக்கர் அச்சாகி வரும். அதுதான் வேலை.

திரை முழுக்க இங்கிலீஷ். அவளுக்கோ தமிழையும் எண்களையும் தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாது. சொல்லித்தர ஒரு நாதியில்லை. இடத்தை வைத்தே மனப்பாடம் செய்தாள். இடது மூலை, பல்சக்கரப் படம், மேலிருந்து எத்தனையாவது வரி. திரையில் கேள்விப் பெட்டி ஏதாவது குதித்து வந்தால் நீலப் பொத்தான். ஒருநாள் திரையில் பிரிண்டர் வரியைத் தேடிப் போனபோது, வேறொரு பட்டியலில் ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதியிருப்பதைப் பார்த்துத் திகைத்தாள். தொட்டால் வேலை போய்விடுமோ என்று உடனே மூடிவிட்டாள். போன வழி மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஏழு வருடம் இப்படியே ஓடியது.

போன வாரம் வினை வந்தது. பிரிண்டரில் காகிதம் சிக்கியது. அந்த ஒரு ஸ்டிக்கரை நீக்கப் போனாள். பெட்டி வந்து எதையோ கேட்டது. நீலத்தை அழுத்தினாள். வரிசையில் காத்திருந்த நூற்றெண்பது ஸ்டிக்கர்களும் காணாமல் போயின. ஸ்டிக்கர் இல்லாத பார்சல்களை அப்படியே போட்டுவிட்டு லாரி கிளம்பிவிட்டது.

"படிக்காம அழுத்துவியா? கண்ணு எங்க இருந்துச்சு?" எல்லோர் முன்னாலும் மேனேஜர் கத்தினார்.

"தமிழ்ல மாத்திக் குடுங்க சார். புரிஞ்சா நான் ஏன் அழுத்தப் போறேன்?"

"ஓ, உனக்காக கம்ப்யூட்டர் தமிழ் பேசணுமோ? திங்கட்கிழமையிலிருந்து கொட்டகைக்குப் போ."

வீட்டில் புருஷன், "அந்தாளுகிட்ட வாயக் குடுக்காத. சாயங்காலம் நான் தைலம் தேச்சு விடறேன்," என்றான். தைலமாம்!

திங்கள் காலை, மூட்டை தூக்கும் கையுறைகளோடு நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "அதுல தமிழ் இருக்கு சார். என் கண்ணால பார்த்தேன்."

"தமிழாவது ஒண்ணாவது! இப்பவே காட்டறேன், பாரு." அவர் மௌஸைப் பிடுங்கினார். மொழிப் பட்டியலைத் திறந்து கடகடவென்று உருட்டினார். கோபத்தில் கை எந்த வரியில் பட்டதோ தெரியாது. பெட்டி வந்தது, நீலத்தை அழுத்தினார். இன்னொன்று வந்தது, அதற்கும் நீலம். ஒன்றையாவது படித்தாரா என்றால் இல்லை. ஐயாவுக்குத்தான் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாயிற்றே!

ஏதேதோ இறங்கி, திரை இருண்டு, மறுபடி வெளிச்சமானபோது ஓர் எழுத்தும் யாருக்கும் விளங்கவில்லை. எந்த நாட்டு எழுத்தோ! மேனேஜர் கண்டபடி தட்டிப் பார்த்தார், வியர்த்தார். ரிப்பேர்காரர் போனில், மத்தியானம்தான் வர முடியும் என்றார். வெளியே லாரி ஹாரன் அடித்துத் தீர்த்தது.

"எழுந்திருங்க சார்," என்றாள் அவள்.

உட்கார்ந்தாள். இடது மூலை, பல்சக்கரம், வரிகளை விரலால் எண்ணினாள். அவளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஏழு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்த திரையே இதுதான். மொழிகளின் பட்டியல் வந்தது.

"இங்கிலீஷ் மேல இருக்கு பாரு, அத அழுத்து!"

"எனக்குப் படிக்கத் தெரிஞ்சது ஒண்ணுதான் சார்." தமிழை அழுத்தினாள்.

திரை அணைந்து திரும்பி வந்தது. ஸ்டிக்கர்கள் வரிசையாக வரத் தொடங்கின. பாதியில், அன்று போலவே, காகிதம் சிக்கியது. அன்று தொட்ட அதே இடத்தைத் தொட்டாள். அதே பெட்டி குதித்து வந்தது. இந்த முறை வாய்விட்டுப் படித்தாள்.

"எல்லா ஆவணங்களையும் ரத்துசெய்ய வேண்டுமா?"

கீழே ஆம், இல்லை. நீலத்தில் இருந்தது ஆம்.

மேனேஜர் பக்கம் திரும்பினாள். "இவ்வளவுதான் கேட்டுச்சா சார்? இத எனக்குப் புரியற மாதிரி கேட்டிருந்தா, வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

அவள் ‘இல்லை’யை அழுத்திவிட்டு, கையுறைகளை அவர் பக்கமாகத் தள்ளினாள்.