பூக்கூடை பார்த்துக்கொண்ட இடம்

மார்கழிக் காலை. விழுப்புரம் போகிற வழியில் திண்டிவனத்தில் இறங்கி, பனிக்கு ஒரு குல்லா தேடுகிறேன். பூக்கடைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி ஸ்வெட்டர் விற்கிறார் ஒரு திபெத்தியப் பெண்மணி. பிறந்தது கர்நாடகத்து அகதி முகாமில். பேசுவது இந்த ஊர்த் தமிழ்.

திபெத்தில் எந்தப் பக்கம் என்று கேட்கிறேன்.

“கிழக்க, மலையில சார். சீனாவுல கம்யூனிஸ்ட்காரங்க ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க தாத்தா ஊரு வழியா நடந்து போனாங்களாம். ‘உங்க நாடு உங்களுக்குத்தான், தனியா போவணும்னாலும் போவலாம்’னாங்களாம். தாத்தா நம்பி, பார்லி மாவு குடுத்தாரு.”

“அப்புறம்?”

“ஆட்சிக்கு வந்தப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. தாத்தா மலை தாண்டி இங்க வந்துட்டாரு.”

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, குல்லாவை என் தலையில் மாட்டி, காது மூடுகிறதா என்று இழுத்துப் பார்க்கிறார்.

வருஷா வருஷம் இதே இடம்தானா என்கிறேன். பூக்காரம்மா முந்திக்கொள்கிறார்.

“இதேதாங்க. அக்கா ஊருக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் இங்க என் கூடைய வச்சிக்கினு இருப்பேன். செருப்புக்கடை போட ஒர்த்தன் வந்து ஒரே பேஜாரு. இது எங்க அக்கா எடம்னு தொரத்தி உட்டுட்டேன்.”

“பார்த்துக்கறேன்னு வாக்குக் குடுத்திருந்தீங்களா?”

பூக்காரம்மா மல்லிகை கட்டுவதை நிறுத்தி என்னை விநோதமாகப் பார்க்கிறார்.

“வாக்கு இன்னாத்துக்குங்க? அக்கா திரும்பி வருமில்ல?”