சத்து ஊசி

ஆம்பூர் தோல் கம்பெனியில் எனக்குத் தரம் பிரிக்கிற வேலை. உண்ணி கடித்த வடு எங்கே, கத்தி பட்ட இடம் எங்கே என்று தோலைத் தடவியே சொல்லிவிடுவேன். என் விரலை ஏமாற்ற முடியாது என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், என் மார்பு தட்டையாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் விளையாட்டாகச் சொன்னார். அது மனதில் தைத்துவிட்டது. பெங்களூரில் ஒரு சந்துக்குள் இருந்த டாக்டரிடம் போய், எடுப்பாகத் தெரிய இரண்டு மார்பிலும் ஊசியால் ஏதோ மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் சத்து ஊசி என்று சொல்லிவைத்தேன். கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரிக்கு மட்டும் உண்மை தெரியும். அவளும் ஆசைப்பட்டாள், நானே விலாசம் கொடுத்தேன்.

சில வருஷத்தில் உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. மருந்து உறைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் குளிக்கும்போது, இடது பக்கத்தில் ஒன்று மட்டும் மற்றவை போல நகராமல் நின்றது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"இங்க ஏதாவது ஊசி போட்டீங்களாம்மா?" என்று லேடி டாக்டர் கேட்டார்.

பக்கத்தில் வீட்டுக்காரர். "சத்து ஊசிதான் டாக்டர், கையில" என்று தோளைக் காட்டினேன்.

பதினைந்து நாளில் கட்டாயம் வரச் சொன்னார். மறுபடியும் கேட்பாரே என்ற பயத்தில் ஐந்து மாசம் போகவில்லை. அதற்குள் அந்த இடத்தில் தோல் குழிந்துவிட்டது. தனியாகப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ஊசிக் கட்டிகளுக்கு நடுவே புற்றுநோய்க் கட்டி ஒளிந்திருந்தது. இடது மார்பை எடுத்தார்கள். கம்பெனியில் குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னேன்.

வேலைக்குத் திரும்பிய அன்றே பக்கத்து மேஜைக்காரி கிசுகிசுத்தாள். "ஊசி போட்ட எடத்துல எனக்கு கட்டி கட்டியா இருக்குக்கா. ஊசி மருந்துதானே, ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாது" என்றேன். விலாசம் கொடுத்தவள் நான்தானே. வெட்கங்கெட்ட வாய்.

இருபது நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் தோலையே தடவிக்கொண்டிருந்தேன். இருபத்தோராம் நாள் பாத்ரூமுக்கு இழுத்துப்போய், ரவிக்கைக்குள் அடைத்திருந்த துணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவள் கையை வைத்தேன். அவளும் தரம் பிரிக்கிறவள். தையல் தழும்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவினாள்.

"நாளைக்கு வேலூர் போலாம். நானே கூட வர்றேன்."

கையை எடுக்காமலே கேட்டாள். "இத அன்னைக்கே சொல்றதுக்கு இன்னாக்கா?"