தங்கராசு சாரின் வானம் லோட் ஆன மத்தியானம்

1. திரையில் மழை

டிவியை ஆன் செய்தால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி கொட்டியது. சேனல் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மழைதான். மேஜைமேல் நோட்டுப்புத்தக அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதன்மேல் சாம்பல் நிற ரப்பர் கீகள். கம்ப்யூட்டர் என்றார்கள். நான் அதற்கு முன் அப்படி ஒன்றைத் தொட்டது கிடையாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரேடியோ, டிவி சர்வீஸ் கடையில் மெக்கானிக்காக இருந்தேன். வேலையில் பாதி, மொட்டைமாடிகளில் உயரமாகப் பைப் நட்டு இலங்கை டிவியைப் பிடித்துக் கொடுப்பது. தெரியாத சாமானுக்குள் கையை விட்டுவிட்டுக் கடைப்பெயரைக் கெடுக்காதே என்று சொல்லித்தான் முதலாளி பாய் என்னை நாகமலைப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்.

அந்த வீட்டில் இரண்டே பேர். தங்கராசு சார் ஆப்பிரிக்காவின் தெற்கே ஜாம்பியாவில் புவியியல் வாத்தியாராக இருந்தவர். கண்ணில் நீரழுத்தம் கூடிப் பார்வை முழுக்கப் போன பிறகு ஊர் திரும்பிவிட்டார். அவர் மனைவி கமலம் டீச்சரும் அங்கேயே கணக்கு வாத்தியாராக இருந்தவர். சார் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

பெட்டியைத் திறந்து பார்த்ததில் கோளாறு ஒன்றுமில்லை. அது படத்தை அனுப்பும் அலைவரிசை வெளிநாட்டு டிவிக்கானது. நம்மூர் டிவியில் அந்தச் சேனலே கிடையாது. எந்தக் குமிழைத் திருப்பி என்ன செய்வது? கடைக்குப் போய் பாயிடம் கெஞ்சி, பேட்டரியிலும் ஓடுகிற சின்ன போர்ட்டபிள் டிவி ஒன்றை வாங்கி வந்தேன். சேனல் பிடிக்கிற டியூனரை விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்குள்ளிருந்தே வீடியோ ஒயரை எடுத்து நேராக டிவியின் உள்போர்டில் சால்டர் வைத்தேன். மழை நின்றது. வெளுத்த திரையின் அடியில் ஒரு வரி எழுத்து அசையாமல் நின்றது.

எனக்கு வேலை முடிந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். டீச்சர் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"ஒரு கேசட்டு இருக்கு தம்பி. அதுல அவரு எழுதுன புரோகிராம் இருக்கு. கண்ணு மங்கிக்கிட்டு வாரப்பவே எழுதுனது. ரெண்டாவது காப்பி கெடையாது. இங்க வந்து, கூட கொண்டாந்த டிவி கெட்டுப்போற வரைக்கும் எந்த டேப்ரெக்கார்டர்ல போட்டாலும் கம்ப்யூட்டர்ல ஏறல. அவரு பேச்சும் அதோட கொறஞ்சு போச்சு."

2. வெத்தலை வாய்

மறுநாள் வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் போனேன். வைகாசி மாசம். தெருவில் ஒரு குரலும் இல்லை. டீச்சர் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார். இருட்டுக்குள் ஸ்டெபிலைசர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

முதல் காரியமாகக் கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்தேன். அப்புறம் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. ஆனாலும் பயம் இருந்தது. டேப் பழசு. ஒருதடவை உருளையில் சிக்கிக் கசங்கினால் போனது போனதுதான்.

அந்தப் பெட்டிக்குப் புரோகிராம் சத்தமாகத்தான் கேசட்டில் பதிந்திருக்கும்; டேப்ரெக்கார்டரை ஒயரில் அதோடு இணைத்துப் பிளே போட்டேன். முதலில் நீளமாக ஒரு விசில், பிறகு இரைச்சல். திரை ஓரத்தில் கோடுகள் ஓடின. கொஞ்ச நேரத்தில் எரர் என்று வந்து நின்றுவிட்டது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் எரர். வால்யூமைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். மூன்றாவது தடவை சார் வாயைத் திறந்தார்.

"வாயில வெத்தலையப் போட்டுக்கிட்டுப் பேசுறாப்புல இருக்கு. அங்க இருந்த டேப்புல இப்படிக் கேக்காது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜாம்பியாவில் பதிவு செய்த டேப்ரெக்கார்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். டேப்பை உரசிச் சத்தத்தைப் படிக்கும் அதன் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, இந்த ஹெட்டும் அதே சாய்வில் நின்றால்தான் சத்தம் தெளிவாக வரும். பாட்டுக் கேட்க அது பெரிய விஷயமில்லை. கம்ப்யூட்டருக்கு ஆகாது. ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் சத்தத்தை விட்டேன். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவில் டிரைவரை வைத்து, "நீங்க கேட்டுச் சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஒரு மயிரிழை திருப்பினேன். இன்னும் மங்கியது. கையை ஆட்டினார். எதிர்ப்பக்கம் திருப்பினேன். இரைச்சல் மெல்ல மெல்ல உரிந்து, தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் கூர்மையாக வந்தது.

"அங்கதான். கைய எடுத்துருங்க."

3. ஒவ்வொன்றாக

ஒயரைத் திரும்பச் செருகிப் போட்டேன். இந்தத் தடவை ஏறிவிட்டது. வேறு எதையும் தொடாமல் முதலில் புதுக் கேசட்டுகளில் இரண்டு காப்பி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஓடவிட்டேன். அட்சரேகை எவ்வளவு, மாசம் எது என்று திரை கேட்டது. ஓர் ஊரின் அட்சரேகையையும் மாசத்தையும் கொடுத்தால் அந்த ஊரின் முன்னிரவுத் தெற்கு வானத்தை வரையும் புரோகிராம் அது. டீச்சர் முதலில் ஜாம்பியாவுக்கு உண்டானதைத் தட்டினார்.

கறுப்புத் திரையில் ஒரு புள்ளி வந்தது. அந்தப் பெட்டிக்குக் கணக்குப் போட நேரம் பிடிக்கும். ஒரு மூச்சு விட்டு இன்னொன்று வந்தது. வெளியே வெயில் கொதிக்கிறது, நாங்கள் மூன்று பேரும் இருட்டறையில் நட்சத்திரம் முளைப்பதற்காகக் காத்திருக்கிறோம். நடுத்திரையில் நான்கு புள்ளிகள் சிலுவைபோல் கூடின; தென்வானத்துச் சிலுவை நட்சத்திரக் கூட்டம் அது. டீச்சர் அவர் தோளில் கை வைத்து, சிலுவை வந்துருச்சு என்று மட்டும் சொன்னார்.

"மதுரைக்குப் போடு கமலம்" என்றார் சார்.

திரை அழிந்து, புதிதாகப் புள்ளி விழ ஆரம்பித்தது. சிலுவை இந்தத் தடவை கீழே இறங்கி அடிவானக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. எம்புட்டு உயரத்தில் நிற்கிறது என்று கேட்டார். திரைமேல் விரலை வைத்து அளந்து, கோட்டுக்கு மேலே இரண்டு விரல் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நெசமாவே அங்கதான் நிக்குதான்னு யாராச்சும் பாத்துச் சொன்னாத் தேவல."

பொழுது சாய்ந்து இருட்டியதும் மூன்று பேரும் மொட்டைமாடிக்குப் போனோம். தெற்கே கீழக்குயில்குடி மலை கறுப்பாகப் படுத்திருந்தது. இத்தனை வருஷம் மாடி மாடியாக ஏறியவன், ஆன்டெனாவைத் தவிர எதையும் அண்ணாந்து பார்த்ததில்லை. மலைக்கு மேலே நான்கு நட்சத்திரம், திரையில் பார்த்த அதே இடத்தில். சாரிடம் சொன்னேன்.

"என் கையப் பிடிச்சு நீட்டி விடுங்க" என்றார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்து விரலைச் சிலுவைக்கு நேராக வைத்தேன். நான் கையை எடுத்த பிறகும் அவர் விரலை இறக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு, வடக்கு வானத்துக்கும் எழுத வேண்டும், நாளைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றவர், அதற்கான புரோகிராமை டீச்சரிடம் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். டீச்சர் தடுக்கவில்லை. நானும் கிளம்பவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படம் வந்துவிட்டது என்று உடனே பையை மூடாதீர்கள். அந்தப் பெட்டியில் வீட்டுக்காரர்கள் எதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று கேட்டு, அது வரும்வரை கூட உட்காருங்கள்.