சங்கத்தம்மா எங்கள் வாசலிலிருந்து போனார்

காலையில் குழாயடியில் தண்ணீருக்கு நின்றிருந்தோம். ஆட்டோ ஓட்டும் செல்வம் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். "என்னடா, சவாரி இல்லையா?" என்று கேட்டேன். "சங்கத்தம்மா போயிருச்சு தாத்தா. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சு," என்றான். "எந்தச் சங்கத்தம்மா?" என்று கேட்டாள் எங்கள் தெருப் பாக்கியம். எங்களுக்குத் தெரிந்து ஒரே ஒரு சங்கத்தம்மாதான். அவளுக்கும் அது தெரியும். வேறு யாராவது இருந்துவிடக் கூடாதா என்றுதான் கேட்டாள்.

நீங்கள் அவரை ராஜாமணி என்ற பெயரில் அறிந்திருப்பீர்கள். வீடில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டிக் குடியேற்றிய சங்கத்தின் செயலாளர். கீரனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பொட்டலில் இருக்கிறது எங்கள் காலனி. சித்தன்னவாசல் பார்க்க வருகிறவர்கள் வழி தவறினால் எங்களிடம்தான் வந்து நிற்பார்கள். அந்தப் பொட்டலை வீடாக்கியவர் அவர். என்னைவிட இளையவர், என்னை அண்ணன் என்பார். நான் அவரை அம்மா என்பேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். எழுத்தில் பிழை இருக்கலாம், என் ஞாபகத்தில் இருக்காது.

அவர் எங்களுக்கு என்ன செய்தார் என்று சொல்ல வேண்டுமானால் என் அப்பா செத்ததைச் சொல்ல வேண்டும். அப்போது நான் டவுனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பல குடித்தனம் இருந்த ஒரு வளவுக்குள் ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வந்து வெளியிலேயே நின்றார். "கருப்பையா, தப்பா எடுத்துக்காத. உசுரு இருக்கும்போதே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. இங்க சாவு விழுந்துச்சுன்னா பெறகு எவனும் குடி வரமாட்டான்." கெட்ட மனுசர் இல்லை, வண்டிக்கும் அவரே சொல்லிவிட்டார். அப்பா வண்டியிலேயே போய்விட்டார். திரும்பக் கொண்டுவர எங்களுக்கு வாசல் இல்லை. சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ரோட்டோரம் கிடத்தி, அங்கேயே குளிப்பாட்டினோம். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. எங்கே உட்கார்ந்து அழுவது என்று தெரியாமல் என் அம்மா நின்றுகொண்டே அழுதாள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

அதனால்தான் காலனியில் பால் காய்ச்சிய அன்று எல்லோரும் அடுப்பையும் தாழ்ப்பாளையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் வீட்டின் முன்பக்கத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தேன். சங்கத்தம்மா பார்த்துவிட்டார்.

"என்னண்ணே அளக்குறீங்க?"

"பாடை வைக்க எடம் பத்துமான்னு பாக்குறேம்மா."

என் மனைவி அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பால் காய்ச்சுற நாள்ல இது பேசுற பேச்சப் பாருங்கம்மா! இத வச்சு எப்படிக் காலந்தள்ளுறது?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சங்கத்தம்மா சிரிக்கவில்லை. "நல்லாப் பாத்துக்குங்கண்ணே. பந்தல் போடவும் சேத்து எடம் விடச் சொல்லித்தான் கட்டுனேன்," என்றார். அதுவரை அவரை ஏதோ ஆபீஸ்காரம்மா என்றுதான் நினைத்திருந்தேன்.

சாந்தமான மனுசி என்று யாரும் எழுதிவிடாதீர்கள். சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். குடையை மடக்குவதற்கு முன்பே சத்தம் தொடங்கிவிடும். "பாக்கியம், வாசல்ல தேர்க்கோலம் போட்டுருக்க, கொல்லையில சாக்கடை தேங்கி நிக்குது. சாமி முன்வாசல் வழியா மட்டுந்தான் வருமா?" என்பார். பாக்கியமும் விடமாட்டாள். "ஒங்களுக்குப் பயந்து அது கொல்லை வழியா ஓடிப்போச்சும்மா," என்பாள். அதே பாக்கியத்தின் புருசன் ஒருநாள் குடித்துவிட்டு வந்து, அவளையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிக்கொண்டான். சங்கத்தம்மா வந்தார். கதவைத் திறக்கச் சொல்லி, சாவியை வாங்கிப் பாக்கியத்தின் கையில் கொடுத்தார். "வீடு அவ பேர்ல இருக்கு. நீ அவ வீட்டுக்கு வந்த விருந்தாளி. ஒழுங்கா இருந்தா சோறு போடுவா," என்றார். கொஞ்ச காலம் அந்த ஆளுக்கு எங்கள் தெருவில் விருந்தாளி என்றே பெயர்.

ஒரு வீடு காலியானபோது, அதை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டோம். அவர் திருக்கோகர்ணத்தில் மாடியில் ஒரு போர்ஷனில் வாடகைக்குத் தனியாக இருந்தார். "நான் இங்க குடிவந்தா, தண்ணி வரலைன்னு நானே எங்கிட்டச் சண்டைக்கு வரணும். அதெல்லாம் ஆகாது," என்று சொல்லிவிட்டார். அந்த வீடு கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்குப் போனது.

அழகம்மாளுக்கு இனி வைத்தியமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. சங்கத்தம்மாவுக்குப் போன் போடச் சொல்லி, "வீட்டுக்குக் கொண்டாரலாமாம்மா?" என்று கேட்டேன். அப்படி ஒரு கோபம் அவருக்கு வந்து நான் கண்டதில்லை. "ஒங்க வீட்டுல ஒங்க பொண்டாட்டி சாகுறதுக்கு நான் யாருண்ணே உத்தரவு குடுக்க? கூட்டிக்கிட்டுப் போங்க!" என்றார். அழகம்மாள் தன் வீட்டுக்குள், தன் பாயில் போனாள். வாசலில் பந்தல் போட்டோம். ஊர் முழுவதும் உட்கார்ந்து அழ இடமிருந்தது.

அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய அண்ணன் மகன் திருச்சியிலிருந்து வந்து போனும் கையுமாக நின்றிருந்தார். "வீட்டுக்காரங்க அங்க கொண்டார வேணாங்கிறாங்க. கீழ கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு இருக்காம். இப்படியே நேராச் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிரலாம்னு பாக்குறேன்," என்றார். பாக்கியம் அவரை முடிக்க விடவில்லை. "எங்கிட்டுக் கொண்டு போவீங்க? நாங்க என்ன செத்தா போயிட்டோம்? எங்க வாசலுக்குக் கொண்டாங்க!" என்றாள்.

என் வாசலில்தான் கிடத்தினோம். காலனிப் பெண்களே குளிப்பாட்டிப் புடவை உடுத்தினார்கள். எங்களை விட்டுட்டுப் போறியே, நாங்க எங்க போவோம் என்று அழுதார்கள். எல்லாச் சாவிலும் அழுகிற வார்த்தைதான். அதைக் கேட்டு அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பெரியவரே, இவுங்களுக்கு விசயம் தெரியுமா?" என்று கேட்டார். "என்ன விசயம்?" என்றேன்.

வீடுகள்தான் எங்கள் பேரில் இருக்கின்றன, நிலம் குத்தகைதானாம். திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் சங்கத்தம்மாவை நம்பிக் கொடுத்தது. அந்த நிலக்காரர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். குத்தகை முடிந்துவிட்டது, நிலத்தை விற்கப் போகிறார்கள். அத்தை ஒரு வருடமாகச் சென்னைக்கும் இங்கேயுமாக இதற்குத்தான் அலைந்தார் என்றும், வியாதியை யாரிடமும் சொல்லவில்லை என்றும் அந்தத் தம்பி சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சாக்கடைக்குச் சண்டை போட்டவர் இதை மட்டும் எங்களிடம் சொல்லவில்லை. செய்தி பந்தலுக்குள் பரவியது. கொஞ்ச நேரம் அழுகை அப்படியே நின்றுபோனது. பிறகு மறுபடி எழுந்தது. அந்த அழுகை அவருக்காகவா எங்களுக்காகவா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

எடுத்த பிறகு பாக்கியம் சொன்னாள். "சொல்லியிருந்தா நாங்களும் கூட நின்னுருப்போம்ல? கடைசி வரைக்கும் எங்கள நம்பலையே இந்தம்மா."

காரியம் முடிந்து சில நாளில் சென்னைக்காரர்களின் ஆள் வந்து, தை பிறந்ததும் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் நிலம், அவர்கள் கேட்கிறார்கள். சங்கத்துக்கு இப்போது தலை இல்லை. சங்கத்து ஆபீசுக்குக் கேட்கப் போனவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ரெண்டு குடும்பம் ஏற்கெனவே டவுனில் வாடகைக்குப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

என் மகன் திருப்பூரில் இருக்கிறான். போனில் கூப்பிட்டான்.

"வந்துருங்கப்பா. ஒரு மூலையில படுத்துக்கிட்டா ஆச்சு."

"ஒன் வீட்டுக்காரரு எப்படி?"

"நல்லவருதாம்ப்பா."

"நான் அங்க செத்தா?"

"சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டான். பாவம், அவன் என்ன செய்வான்.

மூட்டை தூக்கிய காலத்தில், எங்கே விழுந்து செத்தாலும் சரி என்று இருந்தவன் நான். சங்கத்தம்மா வந்து அந்த எண்ணத்தைக் கெடுத்துவிட்டார். அழகம்மாள் போன வாசல் வழியாகவே நானும் போக வேண்டும் என்று ஓர் ஆசை எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அது ஒன்றுதான். வீட்டைக் கேட்டவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த ஆசையை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? தைக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் உடம்பில் ஒரு குறையும் இல்லை.