இசைத்தட்டில் என் மகன் எங்கே?

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்போது வீடுகளைவிடப் பொட்டல்தான் அதிகம். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். என் கணவர் சீக்கிரமே தவறிவிட்டார். வீட்டில் நானும் என் ஒரே மகனும்தான். இந்தச் சம்பவத்தை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கோ அன்று வந்த எரிச்சல் இன்னும் முழுசாக ஆறவில்லை.

முதலில் என் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் ஓர் அவசரக் குடுக்கை. ஜெபம் முடிந்து ஆமென் சொல்வதற்குள் கை சோற்றில் இருக்கும். மின்சார ரயில் நிற்பதற்குள் குதித்துவிடுவான். பரீட்சையில் கேள்வியைப் பாதி படித்துவிட்டே பதில் எழுதி மார்க்கைக் கோட்டை விடுவான். டீச்சர் பிள்ளை இப்படி என்றால் ஊர் என்னைத்தானே கேட்கும்? கடவுள் அவனுக்கு நல்ல குரலைக் கொடுத்தார், கூடவே கொஞ்சம் பொறுமையையும் கொடுத்திருக்கலாம் என்று நான் அங்கலாய்க்காத நாள் இல்லை.

அவன் எம்.எஸ்சி. கடைசி வருஷம் படித்தபோது, பல கல்லூரிப் பிள்ளைகளைச் சேர்த்துப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு பாடகர் குழு அமைத்தார்கள். இவனையும் டெனரில் எடுத்துக்கொண்டார்கள். ஆண்களில் மேல் சுருதியில் பாடுகிறவர்களுக்கு அந்தப் பெயர். குழுவை நடத்தியவர் தாம்பரத்தில் குடியிருந்த ஒரு பேராசிரியர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுகளை நான்கு குரல்களில் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிடப்போகிறோம் என்று அவர் அறிவித்தார். அன்றோடு என் வீட்டில் நிம்மதி போயிற்று. காலையில் டெனர், மாலையில் டெனர். நான்கு குரலில் ஒன்றை மட்டும் தனியாகப் பாடினால் அதில் ராகம் எங்கே இருக்கும்? மாவு சலிக்கிற மாதிரி ஒரே இடத்தில் போய்ப் போய் வரும். அதை மாதக்கணக்கில் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு ஜாம்பியா நாட்டில் பள்ளிக்கூட ஆசிரியர் வேலை கிடைத்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அப்போது அப்படி ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். போனால் சில வருஷம் கழித்துத்தான் லீவு. வெளிநாட்டுக்கு டெலிபோனில் பேசுவதெல்லாம் எங்களுக்குக் கனவில்கூட வராது. நான் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்:

"ஏம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? அதான் ரெக்கார்ட் வருதுல்ல? போட்டுக் கேட்டுக்கோ. என் குரல் வீட்லயேதான் இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவனை அனுப்பச் சம்மதித்தேன்.

பரீட்சை முடிந்ததும், உச்சி வெயில் காலத்தில், கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவு. ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் மண்டபம். சத்தம் வரும் என்று ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. மின்விசிறி சுற்றினால் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. பிள்ளைகள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு பனிக்காலத்தைப் பற்றிப் பாடினார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டுக்கொண்டு போயிருந்தேன். முறுக்கு தின்றால் தொண்டை கட்டும் என்று மாஸ்டர் அதைப் பறிமுதல் செய்து, ஜன்னல் திண்டில் வைத்துவிட்டார். சுட்டவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பாட்டு ஆரம்பித்து நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பீச் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் தடதடக்கும். நிறுத்து. மறுபடி முதலிலிருந்து. விமானப் படைத் திடலிலிருந்து ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேலே சுற்றும். நிறுத்து. ரயிலும் விமானமும் ஓய்ந்தால் வேப்பமரத்துக் காக்கைகளுக்கு ஏதாவது தகராறு வந்துவிடும். மாஸ்டர் வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கத்தினார். பாவம், அவர் கையில் கம்போடு வந்து நின்றார்.

"நா இன்னா சார் பண்றது? ஒண்ணத் தொரத்துனா ஒம்போது வருது. காக்காவோட ஒரே பேஜாரா கீது சார்!"

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு பாட்டின் நடுவில் ஓர் இடம் இருந்தது. பெண்கள் மெதுவாகப் பாடி முடிப்பார்கள். உடனே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மண்டபமே அமைதியாகிவிடும். மாஸ்டரின் கை இறங்கியதும் அத்தனை பேரும் ஒன்றாக "வாரும்" என்று எடுக்க வேண்டும். ரயிலும் இல்லாமல், விமானமும் இல்லாமல், காக்கையும் இல்லாமல் தப்பித் தவறி அந்த இடம் வரை வந்துவிட்டால், கை இறங்குவதற்குள் ஒரே ஒரு குரல் தனியாக "வா" என்று கிளம்பும். யாருடைய குரல் என்று நான் சொல்ல வேண்டுமா?

பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். "ஸாரி சார்" என்பான் இவன். அடுத்த தடவையும் அதே கதை. எனக்கு நாற்காலியில் உட்காரவே கூசியது. எழுந்து போய் முதுகில் நாலு வைக்கலாமா என்றிருந்தது. ஒருவழியாக, வெயில் தாழ்ந்த நேரத்தில், அவன் சரியாக எடுத்தான். "வாரும்" என்று எல்லாக் குரலும் ஒன்றாக எழுந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. அப்பாடா, பிழைத்தோம் என்று முறுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த சில வாரத்தில் அவன் கப்பல் ஏறிவிட்டான். இசைத்தட்டு டிசம்பரில்தான் கைக்கு வந்தது. என்னிடம் அதைப் போட்டுக் கேட்க மிஷின் கிடையாது. எதிர் வீட்டில் ஒரு ஆபீஸ்காரர் குடும்பம் இருந்தது. அவர்களிடம் ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. நான் சும்மா இருக்காமல், 'என் பையன் பாடின பாட்டு வந்திருக்கு' என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் அவர்கள் வீட்டு ஹாலில் கூடிவிட்டார்கள். காப்பி எல்லாம் கொடுத்தார்கள். பாட்டு ஓடியது. அருமையாகத்தான் இருந்தது. முடிந்ததும் அந்த வீட்டு அம்மா கேட்டார்:

"ரொம்ப நல்லாருக்கு டீச்சர். இதுல உங்க பையன் குரல் எது?"

மறுபடி போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். பெண்கள் குரல் கேட்கிறது, அடியில் தடித்த ஆண் குரல்கள் கேட்கின்றன, நடுவில் ஏதோ ஒன்று கனமாக, அழகாக, எல்லோருடையதாக இருக்கிறது. என் மகன் மட்டும் அதில் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் அவன் இருமினால்கூட எனக்குத் தெரியும். இதில் அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வீட்டுக்காரர் தணிந்த குரலில், "இன்னொரு தரம் போடட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். அவர் பரிதாபப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி முழுக்க அழுகையும் ஆத்திரமுமாகப் போயிற்று. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

"என் பையன் குரலே கேக்கலையே சார்!"

மாஸ்டர் சந்தோஷமாகச் சிரித்தார். "அப்படிக் கேக்கலைன்னா நல்லா பாடியிருக்கான்னு அர்த்தம், டீச்சர். கொயர்ல ஒருத்தர் குரல் தனியாத் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சா அது தப்பு."

"கேக்காம இருக்கறதுக்கா சார் மாசக்கணக்கா என் உயிரை வாங்கினான்? பாடாமலே இருந்திருக்கலாமே!"

அவர் எவ்வளவோ விளக்கினார். நான் விடவில்லை. கடைசியில் அவருக்கும் பொறுமை போய்விட்டது.

"தனியா கேட்டுத்தானே டீச்சர் என் பிராணன் போச்சு! உங்களுக்கு அதுதான் வேணும்னா, இந்தாங்க, கேளுங்க!" என்று பீரோவைத் திறந்து, வேண்டாம் என்று ஒதுக்கிய பதிவுகள் இருந்த ஒரு டேப் சுருளை எடுத்து மிஷினில் மாட்டினார்.

பெண்கள் மெதுவாகப் பாடி முடித்தார்கள். அமைதி. அந்த அமைதியில் "வா" என்று என் மகன் வந்தான். அவனேதான். அந்த அவசரம், வார்த்தையின் நுனியில் அந்தச் சின்னக் கரகரப்பு, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. பிறகு சிரிப்பு, மாஸ்டரின் "யாருப்பா அது?", "ஸாரி சார்." அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு ரயில். மண்டபத்தில் எந்தக் குரலைக் கேட்டு அடிக்கலாமா என்று நினைத்தேனோ, அதே குரலைக் கேட்டு மாஸ்டர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

அவர் சங்கடப்பட்டுக்கொண்டு சுருளைக் கழற்றினார். "டேப் கிடைக்கறதே கஷ்டம் டீச்சர். இதை அழிச்சிட்டு இது மேலதான் அடுத்த வாரம் வேற பாட்டுப் பதியணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அழிக்கறதா இருந்தா நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மாஸ்டர் பெருமூச்சு விட்டார். முகச் சவரம் செய்கிற பிளேடு ஒன்றை எடுத்து வந்தார். சுருளை மறுபடி மாட்டி, முன்னும் பின்னும் கையால் நகர்த்தி, இடம் பார்த்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார். மீதியை ஒட்டிச் சேர்த்தார். வெட்டிய துண்டை ஒரு காலிச் சுருளில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"இதை எதுல போட்டுக் கேப்பீங்க? உங்ககிட்ட மிஷினே இல்லையே?"

"அது என் பாடு சார்" என்றேன்.

வீறாப்பாகச் சொன்னேனே தவிர, மிஷின் எங்கே இருக்கிறது? மாஸ்டர் வீட்டுப் படியை மறுபடி மிதிக்க ரோஷம் விடவில்லை. அந்தச் சுருள் ஒரு பிஸ்கட் டப்பாவில் சில வருஷம் சும்மா கிடந்தது. டப்பாவைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். மகனுக்கு எழுதும்போதெல்லாம், லீவில் வரும்போது சுருள் டேப் போடுகிற மிஷின் ஒன்று வாங்கி வா என்று மறக்காமல் எழுதினேன்.

எழுபதுகளின் நடுவில் வந்தான். பெட்டியைத் திறந்து பெருமையாக ஒரு டேப் ரெக்கார்டரை நீட்டினான். கேஸட் போடுகிறது!

"இதாம்மா இப்ப லேட்டஸ்ட்."

"சுருள் போடறதுன்னு எழுதினேனேடா? நான் எழுதினதை முழுசாப் படிச்சியா?"

"டேப் ரெக்கார்டர்னு பாத்தேன், வாங்கிட்டேன்" என்றான். பரீட்சைக் கேள்வியைப் பாதி படிக்கிற அதே பிள்ளை. கண்டம் விட்டுக் கண்டம் போயும் திருந்தவில்லை.

வேறு வழியில்லாமல் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கே போனேன். நல்லவேளை, பழைய மிஷின் இருந்தது. அதில் சுருளை ஓடவிட்டு, அதன் ஸ்பீக்கர் முன்னால் இவனுடைய கேஸட் மிஷினை வைத்துப் பதிவு செய்வது என்று ஏற்பாடு. ஓடியது. அமைதி, "வா", சிரிப்பு, "ஸாரி சார்". என் மகனின் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ, இதையாம்மா இத்தனை வருஷம் வெச்சிருந்தே? மானம் போகுது, அழிச்சிடு..."

"பேசாம இருடா, பதிவா..." என்று நான் கத்துவதற்குள் அவன் அவசரமாகப் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டான். கேஸட்டில் நான் திட்டியது பாதியோடு நிற்கிறது. மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

லீவு முடிந்து அவன் போய்விட்டான். கேஸட்டும் மிஷினும் என்னோடு இருக்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் எதிர் வீட்டில் அந்த இசைத்தட்டைப் போடுவார்கள். அழகாகத்தான் இருக்கிறது, மாஸ்டர் சொன்னது நியாயம்தான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது நான் போடுவது கேஸட்டைத்தான். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிள்ளைகளின் தப்பைத் தேடித் தேடிச் சிவப்பு மையால் அடித்தவள் நான். இந்த ஒரு தப்பை மட்டும் யாரும் திருத்திவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.